ஃபிட்ஸ் இருக்குற பையன் சூதாடுனா

ஃபிட்ஸ் மாத்திரைய யாராவது அரை அட்டை கேட்டா எனக்கு டக்குனு ஒரு டவுட் வரும். தண்டையார்பேட்டைல ஒரு மெடிக்கல் கவுண்டர்ல நிக்கிறவ நான், சளி மாத்திரை ரெண்டு தலைவலி மாத்திரை ஒண்ணுன்னு வெட்டிக் குடுக்கறது எங்களுக்கு தினப்படி வேலை, அதுல ஒண்ணும் இல்ல. ஆனா எப்டாயினோ லெவிபிலோ சாப்புடுறவங்க ஒரு வேளை கூட விடக்கூடாது, வருஷக்கணக்கா போகும், அவங்க வந்து "அஞ்சு மட்டும் குடுக்கா, மீதி அப்பால வாங்கிக்கிறேன்"னு சொன்னா வீட்ல துட்டு இல்லன்னு அர்த்தம். நெறைய பேருக்கு அது நெஜ கஷ்டம்தான், கூலி வரல, மீன்பிடி தடைக்காலம் 61 நாள் ஓடிகினு இருக்கும், கவர்மென்ட் ஆஸ்பத்திரில ஃப்ரீயா குடுக்குறத வாங்க லீவு கிடைச்சிருக்காது. சில பேருக்கு மட்டும் துட்டு வேற எங்கயோ போவுது. என் தம்பி அந்த ரகம், அவன் துட்டு ரம்மி ஆப்புக்கு போச்சு. அவன் என் கடைக்கு வராம ரெண்டு தெரு தள்ளி இருக்குற கடைல அரை அட்டை வாங்கிகினு இருந்தான், அந்த கடைக்கார அண்ணன்தான் எனக்கு போன் போட்டு சொன்னாரு.

தம்பிக்கு ஸ்கூல் படிக்கும்போதே வலிப்பு வந்துடுச்சு. மொத தடவ வந்தப்ப கைல சாவிக்கொத்த திணிச்சாங்க, ஒருத்தர் வெங்காயத்த நசுக்கி மூக்குல வெச்சாரு, எல்லாம் நடந்துச்சு (தயவுசெஞ்சு யாரும் இதெல்லாம் பண்ணாதீங்க, ஒருக்களிச்சு படுக்க வெச்சு வாயில எதுவும் வெக்காம டைம் பாருங்க, 5 நிமிஷம் தாண்டுனா 108). ஈஈஜி எம்ஆர்ஐ எல்லாம் எடுத்து டெம்போரல் லோப்ல இருந்து வருதுன்னு சொன்னாங்க, அதாவது காதுக்கு மேல பக்கவாட்டுல இருக்குற மூளை பகுதி. பெரியவங்களுக்கு வர்ற ஃபோகல் வலிப்புல, அதாவது மூளைல ஒரு எடத்துல இருந்து கிளம்புற வலிப்புல, இதுதான் அதிகம். நம்ம ஜனங்க நெனைக்கிற மாதிரி எல்லா வலிப்புலயும் கீழ விழுந்து நுரை தள்ளாது. இவனுக்கு எப்பவாச்சும்தான் அப்படி வரும். மத்த நேரம் பேசிகினு இருக்கும்போதே கண்ணு நிலைகுத்தும், வாய் எதையோ மெல்லுற மாதிரி அசையும், சட்டை பட்டன தடவிகினே இருப்பான், ஒரு ரெண்டு நிமிஷம். அப்புறம் திரும்பி வந்து "என்னாக்கா சொன்ன"ன்னு கேப்பான். நடுவுல நடந்தது எதுவும் அவனுக்கு தெரியாது.

இந்த ரெண்டு நிமிஷத்த ஞாபகம் வெச்சுக்குங்க, ஏன்னா முழு பிரச்சனையும் இதுக்குள்ளதான் மாட்டிகினு இருந்துச்சு.

ரம்மி ஆப்ல ஆடுனவங்களுக்கு தெரியும், உன் டர்ன் வந்தா டைமர் ஓடும். எடுக்கல வெக்கலன்னா டர்ன் போச்சு, வரிசையா விட்டா மிடில் டிராப்புன்னு, அதாவது நடுவுல விலகிட்டன்னு கணக்கு வெச்சு, 40 பாயிண்ட் கட் ஆயிடும். தம்பி காசு வெச்சு ஆடிகினு இருக்கும்போதே அவனுக்கு அந்த ரெண்டு நிமிஷம் வரும். கைல பதிமூணு சீட்டு, ப்யூர் சீக்வென்ஸ் விழுந்து ஒரு ஜோக்கர் வந்தா டெக்லேர் பண்ணிடலாம்னு இருக்கும், கண்ண தொறந்து பாத்தா ஆட்டம் முடிஞ்சிருக்கும் துட்டு போயிருக்கும். அவனுக்கு நடுவுல ஃபிட்ஸ் வந்ததே தெரியாதே, அதனால ஆப் ஏமாத்திடுச்சுன்னு கோவம். "நான் ஒண்ணியும் பண்லக்கா, அதுவே டிராப் பண்ணிகிச்சு"ன்னு அடிச்சு சொல்லுவான். நியாயமா தோத்துருந்தா கூட விட்டுருப்பானோ என்னவோ, அநியாயமா போச்சுன்னு நெனச்சதால விட்டத பிடிக்கணும்னு ராத்திரி மூணு மணி வரைக்கும் உக்காந்தான்.

எங்களுக்கும் வெளில இருந்து பாத்தா ஒண்ணும் புரியல. கூப்பிட்டா திரும்ப மாட்டான், போன வெறிச்சுகினு இருப்பான், கட்டைவிரல் மட்டும் ஸ்க்ரீன்ல தேய்க்கும். அது ஃபிட்ஸா ரம்மியா? எங்கம்மாவுக்கு அது ரெண்டும் ஒண்ணுதான். நான் பக்கத்துல போய் போன எட்டிப் பாப்பேன், சீட்டு நகர்ந்தா ஆடுறான், டைமர் ஓடி முடிஞ்சும் விரல் அங்கயே தேய்ச்சுகினு இருந்தா ஃபிட்ஸ். இப்படித்தான் கண்டுபிடிக்க கத்துகினேன்.

சூதாட்ட பழக்கத்துக்கு டாக்டருங்க ஒரு லிஸ்ட் வெச்சிருக்காங்க. 2013ல வந்த டிஎஸ்எம் 5ங்குற அமெரிக்க மனநல கையேட்டுல இத குடி, கஞ்சா மாதிரி அடிமைப் பழக்கங்க கூடவே சேத்துட்டாங்க, அதுக்கு முன்னாடி வேற பிரிவுல இருந்துச்சு. மொத்தம் 9 அறிகுறி, ஒரு வருஷத்துக்குள்ள 4 இருந்தா அது நோய். எப்பவும் அதே நெனப்பா இருக்கறது, மேல மேல பெரிய தொகையா வெக்கணும்னு தோணுறது, நிறுத்தப் பாத்து முடியாம போறது, நிறுத்துனா எரிச்சல் படபடப்பு, மனசு சரியில்லன்னா ஆடப் போறது, விட்டத பிடிக்க மறுநாளே திரும்ப வர்றது, பொய் சொல்றது, வேலையோ உறவோ கெட்டுப் போறது, கடன அடைக்க அடுத்தவங்கள நம்புறது. படிக்கும்போது தெளிவாதான் இருக்கு.

வலிப்பு இருக்குறவன் மேல இந்த லிஸ்ட்ட வெச்சுப் பாருங்க, அங்கதான் பேஜாரு. எரிச்சல்? லெவெடிராசிட்டம் (லெவிபில்ல இருக்குற மருந்து) சாப்புடுற சில பேருக்கு கோவமும் எரிச்சலும் வரும், அது மாத்திரையோட தெரிஞ்ச பக்க விளைவு. பொய்யா? டெம்போரல் லோப்லதான் ஞாபகத்துக்கான ஹிப்போகாம்பஸ் இருக்கு, இவங்களுக்கு மறதி நெஜமாவே உண்டு. "அம்மா செயின எங்கடா வெச்ச"ன்னு கேட்டா "தெர்ல"ன்னு சொன்னான், அது பொய்தான்னு அப்புறம் சேட்டு கடை ரசீது கிடைச்சப்ப தெரிஞ்சுது, ஆனா அதே வாரத்துல "நேத்து மாத்திரை போட்டியா"ன்னதுக்கும் அதே மூஞ்சிய வெச்சுகினு "தெர்ல"ன்னான், அது நெஜம். வேலை போச்சா? வலிப்பு வந்ததாலயே எத்தனையோ பேருக்கு வேலை போவுது. மனச்சோர்வு? வலிப்பு இருக்குறவங்களுக்கு மத்தவங்கள விட அது அதிகம். ஒவ்வொரு அறிகுறிக்கும் வலிப்புன்னு ஒரு சாக்கு ரெடியா இருக்கு, அதே மாதிரி ஒவ்வொரு வலிப்புக்கும் சூதாட்டம்னு ஒரு பழியும் ரெடியா இருக்கு. எங்க சொந்தத்துலயே ஒருத்தர் "துட்ட பத்தி கேட்டா மட்டும் கரீக்டா இவனுக்கு இஸ்துக்குது, நடிக்கிறான்"னு சொன்னாரு. நடிப்பு இல்ல, ராத்திரி பூரா தூங்காதவனுக்கு காலைல ஃபிட்ஸ் வரத்தான் செய்யும்.

தூக்கம்தான் இதுல பெரிய விஷயம், பல பேர் அத கண்டுக்கறதே இல்ல. தூக்கம் கெட்டா வலிப்பு வர்றது சுலபமாவுது, இது நியூரோ டாக்டருங்க எல்லாரும் சொல்ற பாடம். ஈஈஜி எடுக்கும்போதே சில சமயம் ராத்திரி தூங்காம வரச் சொல்லுவாங்க, கோளாறு வெளில தெரியட்டும்னு. இவன் தினமும் அந்த டெஸ்ட்டுக்கு தானே ரெடியாவுற மாதிரி முழிச்சிருந்தான். ஓபில போய் "ஃபிட்ஸ் ஜாஸ்தியா வருது சார்"னோம், டோஸ ஏத்துனாங்க, மறுபடி போனோம், மறுபடி ஏத்துனாங்க. அந்த கூட்டத்துல அவங்க கேக்குறது எத்தனை தடவ வந்துச்சு, மாத்திரை ஒழுங்கா போடுறானா, அவ்ளோதான். ராத்திரி என்ன பண்றான்னு யாரு கேப்பா. கடன்காரன் வீட்டுக்கு வந்தா அவன் கேக்குறது எவ்ளோ எப்போ. ரெண்டு பக்கமும் ஒரு பாதி கேள்விதான் கேட்டுகினு இருந்தாங்க.

சரி, மூளைல என்னதான் நடக்குது? 1994ல அமெரிக்கால அயோவா யுனிவர்சிட்டில பெச்சாரா, டமாசியோன்ற மூளை ஆராய்ச்சிக்காரங்கல்லாம் சேந்து ஒரு சீட்டு டெஸ்ட் வெளியிட்டாங்க. நாலு கட்டு சீட்டு. ரெண்டு கட்டுல ஒவ்வொரு சீட்டுக்கும் 100 டாலர் வரும் (நெஜ காசு இல்ல, விளையாட்டு காசு), ஆனா திடீர்னு பெரிய அபராதம் விழும், பத்து சீட்டு எடுத்தா கணக்குப்படி 250 நஷ்டம். மத்த ரெண்டுல 50தான் வரும், அபராதமும் சின்னது, பத்து சீட்டுக்கு 250 லாபம். எது எதுன்னு சொல்ல மாட்டாங்க, 100 தடவ எடுக்கணும். சாதாரணமா இருக்குறவங்க கொஞ்ச நேரத்துல நல்ல கட்டுக்கு மாறிடுவாங்க, இன்னும் சொல்லப்போனா எது கெட்ட கட்டுன்னு அவங்க வாய் சொல்றதுக்கு முன்னாடியே அதுகிட்ட கை போகும்போது உள்ளங்கை வேர்க்க ஆரம்பிச்சுடும். நெத்திக்கு பின்னாடி அடிப்பக்கம் மூளை அடிபட்டவங்களுக்கு அந்த வேர்வை வரல, கெட்ட கட்டையே எடுத்துகினு இருந்தாங்க. அந்த வேர்வைக்கு அமிக்டலான்னு இன்னொரு மூளை பகுதியும் வேணும், அது டெம்போரல் லோப் உள்ளதான் இருக்கு. டெம்போரல் லோப் வலிப்பு உள்ளவங்கள வெச்சும் இந்த டெஸ்ட்ட செஞ்சு பாத்துருக்காங்க, சராசரியா பாத்தா மத்தவங்கள விட மோசமாதான் எடுத்துருக்காங்க.

இத படிச்சுட்டு "பாத்தியா, வலிப்புன்னாலே சூதாடி"ன்னு முடிவு பண்ணிடாதீங்க. ஒரு ரூம்ல உக்காந்து விளையாட்டு காசுக்கு சீட்டு எடுக்குறதும் நகைய அடகு வெச்சு ரம்மி ஆடுறதும் ஒண்ணு இல்ல. உலகத்துல வலிப்பு இருக்குறவங்க சுமார் 5 கோடி பேருன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதுல பெரும்பாலானவங்க சூதாட்டம் பக்கமே போறதில்ல. என் கடைக்கு வர்ற வலிப்புக்காரங்கள்ல முக்கால்வாசி பேர் நம்மள விட கணக்கா துட்டு வெச்சிருக்கவங்க. நம்ம இலக்கிய அண்ணன்மார் உடனே ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கின்னு ஆரம்பிப்பாங்க, அவருக்கு வலிப்பும் இருந்துச்சு ரூலெட் சூதாட்ட பைத்தியமும் இருந்துச்சு, உண்மைதான். ஆனா அவரு 1871ல ஆட்டத்த அடியோட விட்டுட்டாரு, வலிப்பு 1881ல சாவுற வரைக்கும் இருந்துச்சுன்றத சேத்து சொல்ல மாட்டாங்க.

சீட்டாடுறதே சில பேருக்கு வலிப்ப இழுத்து விடும்னு ஒரு விஷயம் இருக்கு, அத கேட்டப்ப எனக்கே ஆச்சரியம். பளிச் பளிச்னு லைட்டு அடிச்சா சில பேருக்கு ஃபிட்ஸ் வர்ற மாதிரி, யோசிச்சு முடிவெடுக்குற ஆட்டத்துல, செஸ், சீட்டு மாதிரி, ரொம்ப கொஞ்சம் பேருக்கு மட்டும் வரும். ஹாங்காங் டாக்டருங்க 2007ல மாஜாங்னு சீனாக்காரங்க ஆடுற ஆட்டத்த ஆடும்போது வலிப்பு வந்த 20 பேருக்கு மேல பத்தி எழுதுனாங்க, அவங்களுக்கு குடுத்த முக்கியமான அட்வைஸ் ஆட்டத்த விட்டுடுங்கன்றதுதான். தம்பிக்கு அந்த வகை இல்லன்னு சொல்லிட்டாங்க. அவனுக்கு தூக்கமும் விட்டுப்போன மாத்திரையும்தான்.

அவனுக்குன்னு இன்னொண்ணு இருந்துச்சு. டெம்போரல் லோப் வலிப்பு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சில பேருக்கு ஒரு உணர்வு வரும், இது ஏற்கனவே நடந்துருக்கே, அடுத்து என்ன வரும்னு எனக்கு தெரியுமேன்னு. வயித்துல ஏதோ மேல எழும்புற மாதிரியும் இருக்கும். தம்பி அத ராசின்னு நெனச்சான். அது வந்தா அடுத்த சீட்டு தனக்குத்தான்னு தொகைய ஏத்துவான், மூணு நம்பர் லாட்டரி ஆடுனப்பவும் அந்த உணர்வு வந்த நேரத்துல தோணுன நம்பரத்தான் எழுதிக் குடுத்துருக்கான். ஒரு தடவ அடிச்சும் இருக்கு, அதான் வெனை. அது ஃபிட்ஸோட ஆரம்பம்டான்னு சொன்னா "உனுக்கு இன்னாக்கா தெரியும்"ன்னுவான். டாக்டர் வாயால கேட்டப்பதான் கொஞ்சம் அடங்குனான்.

மாத்திரை பத்தி கவுண்டர்ல நிக்கிறவளா ஒண்ணு சொல்லிடுறேன். சில மருந்துங்க சூதாட்ட வெறிய கிளப்பி விடும்னு நெஜமாவே இருக்கு, பார்கின்சன்னு சொல்ற நடுக்கவாதத்துக்கு குடுக்குற பிராமிபெக்ஸோல், ரோபினிரோல், அப்புறம் மனநலத்துக்கு குடுக்குற அரிபிப்ரசோல். அரிபிப்ரசோலுக்கு 2016ல அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு துறை எஃப்டிஏ எச்சரிக்கையே விட்டுச்சு. இதெல்லாம் வலிப்பு மாத்திரை இல்ல, ஆனா வலிப்போட மனநல பிரச்சனையும் இருந்து அரிபிப்ரசோல் சாப்புடுறவங்க உண்டு. மாத்திரை ஆரம்பிச்சப்புறம் புதுசா சூதாட்டம் தொத்திகிச்சுன்னா டாக்டர்கிட்ட சொல்லுங்க. நீங்களா நிறுத்தாதீங்க, முக்கியமா வலிப்பு மாத்திரைய டபக்குனு நிறுத்துனா விடாம வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாயிடும்.

மூளை மூளைன்னு எல்லாத்தையும் அது தலைல கட்டவும் எனக்கு இஷ்டம் இல்ல. எங்கப்பா காசிமேட்டுல போட்டுக்கு போனவரு. தம்பிய கடலுக்கு கூட்டினு போவ முடியாது, நடுக்கடல்ல வந்துச்சுன்னா? லைசென்ஸ் எடுக்கப் போனா ஃபார்ம்லயே வலிப்பு இருக்கான்னு கேக்குறாங்க, ஆட்டோவும் இல்ல, டெலிவரி வேலையும் இல்ல. ஹார்பர் பக்கம் ஒரு கம்பெனில மெடிக்கல்ல திருப்பி அனுப்பிட்டாங்க. பொண்ணு பாக்கலாம்னா மறைச்சு கட்டணும்ன்றாங்க, வலிப்ப காரணம் காட்டி கல்யாணம் செல்லாதுன்னு சொல்ற சட்டப் பிரிவ 1999லயே எடுத்துட்டாங்க, ஆனா எங்க தெருல அந்த சேதி இன்னும் வந்து சேரல. அவன் வயசு பசங்க வியாசர்பாடி கிரவுண்ட்ல ஃபுட்பால் ஆடுறாங்க, இவன தலைல அடி படும்னு வீட்லயே உக்கார வெச்சாச்சு. பகல் பூரா வேலை இல்லாதவன் கைல ஒரு போன், அதுல வெல்கம் போனஸ்னு எவனோ ஓசில துட்டு போட்டான். என்னைக் கேட்டா இதுதான் பாதிக்கு மேல காரணம்.

சட்டம் பக்கம் சொல்லணும்னா, தமிழ்நாட்டுல லாட்டரிய 2003லயே தடை பண்ணிட்டாங்க. ஆன்லைன் சூதாட்டத்துக்கு 2022ல அவசர சட்டம், 2023ல சட்டம், அதே வருஷ கடைசில ஹைகோர்ட்டு ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம்னு சொல்லி அந்த தடைல இருந்து எடுத்துடுச்சு. அப்புறம் 2025ல ராத்திரி 12ல இருந்து காலை 5 வரைக்கும் ஆடக்கூடாதுன்னு ஸ்டேட்ல விதி வந்துச்சு. வலிப்பு இருக்குறவங்கள மனசுல வெச்சு போட்டாங்களான்னு தெரியாது, ஆனா எங்க வீட்டுக்கு அதவிட நல்ல விதி கிடையாது. அதே வருஷம் ஆகஸ்ட்ல சென்ட்ரல்ல இருந்து காசு வெச்சு ஆடுற ஆன்லைன் கேம் எல்லாத்துக்கும் மொத்தமா தடை சட்டம் வந்துச்சு, பெரிய ஆப்புங்க கடைய மூடுனாங்க. தம்பி ஒரு வாரம் கூண்டுல போட்டவன் மாதிரி சுத்திட்டு மூணு நம்பருக்கு போனான். அது எந்த ஆப்லயும் இல்ல, துண்டு சீட்டுல ஓடுது.

கடைசில வெளிய வந்தது தண்டல்காரராலதான். வாசல்ல நின்னு சத்தம் போட்டாரு, அம்மாவுக்கு அப்பதான் மொத்த தொகையே தெரிஞ்சுது. அடுத்த ஓபிக்கு நான் கூட போய் ராத்திரி முழிப்பு, அரை அட்டை, கடன் எல்லாத்தையும் டாக்டர்கிட்ட சொன்னேன். அவரு தம்பிய பாத்து ரெண்டே கேள்வி கேட்டாரு: மேல மேல அதிக துட்டு வெக்கணும்னு தோணுதா, எவ்ளோ ஆடுறன்றத பத்தி வீட்ல பொய் சொன்னியா? ரெண்டுல ஒண்ணுக்கு ஆமான்னா மேல விசாரிக்கணும்னு அர்த்தமாம். தம்பி ரெண்டுக்கும் ஆமான்னான். எங்ககிட்ட ஒரு தடவ கூட ஆமான்னு சொல்லாதவன்.

டோஸ ஏத்தல, மனநல டாக்டர்கிட்ட அனுப்புனாரு. இந்த ஊர்ல மனநலம்னாலே "கீழ்ப்பாக்கம் கேஸு"ன்னு கிண்டல் பண்றது கீழ்ப்பாக்கத்துல மனநல ஆஸ்பத்திரி வந்ததுல இருந்தே இருக்கும் போல, அம்மா அழுதுட்டாங்க. போனான், பேசுனாங்க, இப்பவும் போறான். வீட்ல நாங்க செஞ்சது: யுபிஐ அவன் போன்ல இல்ல, இப்ப ஒரு ஜெராக்ஸ் கடைல வேலை பாத்து வாங்குற சம்பளம் அம்மா அக்கவுண்டுக்கு வரும், செலவுக்கு கைல காசு. போன் ராத்திரி என் ரூம்ல சார்ஜ் ஆவும். மாத்திரைய நான் அட்டையா குடுக்காம வார டப்பால போட்டு குடுக்குறேன். ஃபிட்ஸ் வந்தா நோட்டுல எழுதுறோம், பக்கத்துலயே முந்தின ராத்திரி எத்தன மணிக்கு தூங்குனான்றதும். நடுவுல ரெண்டு மூணு தடவ நழுவிட்டான், இல்லன்னு சொல்ல மாட்டேன், தண்டலும் இன்னும் முழுசா அடையல. ஆனா ஃபிட்ஸ் குறைஞ்சிருக்கு, அதே டோஸ்லயே.

உங்க வீட்ல இப்படி யாராச்சும் இருந்து யார்கிட்ட போறதுன்னு தெரியலன்னா கவர்மென்ட்டோட மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ் 14416, ஃப்ரீ, தமிழ்ல பேசலாம், ராத்திரிலயும் எடுப்பாங்க. போன் பண்ணும்போது சூதாட்டத்த மட்டும் சொல்லிட்டு வெக்காதீங்க, ஃபிட்ஸ் இருக்கு, இன்ன மாத்திரை, இத்தன மில்லிகிராம், கடைசியா எப்ப வந்துச்சுன்னு சேத்து சொல்லுங்க. மாத்திரை பேரு வாய்ல நுழையலன்னா அட்டையோட பின்பக்கத்த போட்டோ எடுத்து போன்லயே வெச்சுக்குங்க, படிச்சு சொல்ல ஈசியா இருக்கும்.